மிஸ்ட் ஃபில்டரை மாட்டும் முன் விளக்கு எங்கே என்று பாருங்கள்

மிஸ்ட் ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும், படத்தை லேசாக மென்மையாக்கும் கண்ணாடி. அதை வாங்கும் பலர் ஒரு தப்பான நம்பிக்கையோடு வாங்குகிறார்கள். உச்சிவெயிலில் முகத்தில் விழும் முரட்டு நிழலை அது கரைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கரைக்காது. மூக்குக்குக் கீழே கத்தியால் கீறினதுபோல் விழுந்த நிழல், ஃபில்டரை மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே விளிம்போடுதான் இருக்கும். கருமை மட்டும் கொஞ்சம் வெளிறி, சாம்பல் பூசினாற்போல் ஆகும்.

நிழலின் விளிம்பு மெத்தென்று இருக்குமா கூர்மையாக இருக்குமா என்பது, படம் பிடிக்கப்படும் ஆளின் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் இடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் வெயில் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே ஒரு விளக்கு. நிழல் காணாமல் போகும். ஒரு மீட்டர் அகல ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது பெரிய விளக்கு. ஐந்து மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அதே ஜன்னல் சின்ன விளக்கு. இதெல்லாம் ஒளி முகத்தில் படும்போதே முடிந்துபோகிற காரியம். ஃபில்டரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எனவே முதலில் ஆளை ஜன்னலோரம் நகர்த்துங்கள். வெளியே என்றால் கட்டிட நிழலின் ஓரத்துக்கு, திறந்த வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். வெயிலைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஒருவரை ஒரு வெள்ளைத் துணியை ஆளுக்கும் சூரியனுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லுங்கள். துணி ஆளுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நிழல் சரியான பிறகு ஃபில்டரைப் பையிலிருந்து எடுக்கலாம்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கண்ணாடியில் மிக நுண்ணிய துகள்கள் பரவியிருக்கும். வரும் ஒளியில் பெரும்பகுதி நேரே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் லேசாக விலகிச் சிதறும். விளக்கிலிருந்து வந்து விலகிய ஒளி, படத்தில் விளக்குக்குப் பக்கத்து இருட்டின்மேல் போய் விழும். அதுதான் விளக்கைச் சுற்றித் தெரியும் குளோ. இந்தச் சிதறல் ஃப்ரேமில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் நடக்கிறது. ஆனால் பக்கத்தில் இருட்டு இருக்கும் பிரகாசமான புள்ளியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே இரண்டு பக்கவிளைவுகள்: கருமை முழுக் கருமையாக இல்லாமல் கொஞ்சம் மேலேறும், தோலின் நுண்துளை, முடி இழை போன்ற நுணுக்கங்கள் லேசாக மழுங்கும்.

இதிலிருந்தே முக்கியமான விதி வந்துவிடுகிறது. ஃப்ரேமுக்குள் சின்னதாக, பிரகாசமாக ஏதாவது வேண்டும். மேசை விளக்கு, மெழுகுவர்த்தி, ஈரத் தரையில் மின்னும் வெயில், முடியின் பின்னால் விழும் பின்னொளி, கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரு பளிச். இவற்றில் எதுவும் இல்லாமல் மேகமூட்டமான பகலில் மிஸ்ட் ஃபில்டரை மாட்டினால் கிடைப்பது அழுக்குக் கண்ணாடி வழியாக எடுத்த படம்தான். குளோ இருக்காது, கான்ட்ராஸ்ட்டும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) போயிருக்கும். "ஃபில்டர் சரியில்லை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகை.

இன்னொரு பக்கம், பிரகாசமானது பெரிதாக இருந்தாலும் ஆபத்து. ஆளின் பின்னால் வெள்ளை வானம் பாதி ஃப்ரேமை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து சிதறும் ஒளி தலைமுடியின் விளிம்பைத் தின்றுவிடும். முகத்தின்மேல் மெல்லிய பால்திரை படியும். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டையும் இதே தொல்லை. கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி ஆளின் பின்னால் தரையோ மரமோ வரும்படி செய்தால் போதும், பெரும்பாலும் படம் மீண்டுவிடும். முடியாவிட்டால் ஃபில்டரைக் கழற்றிவிடுவதே மரியாதை.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளை மிஸ்ட் கருமையை நிறைய மேலேற்றும், படம் கனவுபோல் வெளிறும். பிளாக் மிஸ்ட்டில் கூடவே கறுப்புத் துகள்களும் இருப்பதால் சிதறிய ஒளியில் ஒரு பங்கை அவை விழுங்கிவிடும். குளோ இருக்கும், கருமையும் ஓரளவு நிற்கும். அன்றாடப் படங்களுக்கு இதுதான் என் தேர்வு, வேறு யோசனையே வேண்டாம். மூன்றாவது சாஃப்ட் ஃபோகஸ் வகை. ஸைஸ் ஸாஃப்டார் போன்றவற்றில் கண்ணாடிப் பரப்பில் குமிழ் குமிழாக நுண்லென்ஸுகள் இருக்கும். கூர்மையான உருவத்தின் மேல் கலங்கிய உருவம் ஒன்று படிந்தாற்போல் வரும். முகத்துக்கு அழகு, தெருவுக்கு உதவாது. வலை வகையைப் பற்றிக் கீழே.

வலிமை எண்களில் குழப்பம் அதிகம். டிஃபன் (Tiffen) கம்பெனி தன் பிளாக் புரோ-மிஸ்ட்டை 1/8, 1/4, 1/2, 1 என்று எண்ணுகிறது. மொமென்ட் கம்பெனியின் சினிபுளூம் 5, 10, 20 சதவீதம் என்று வருகிறது. கென்கோ வேறு எண் போடுகிறது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனிக்குள் எண் கூடினால் வலிமை கூடும் என்பது மட்டும் நிச்சயம். முதல் ஃபில்டராக டிஃபன் எண்ணில் 1/8 வாங்குங்கள். கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது 1/8 ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும். 1/2 தான் "வேலை செய்கிறது" என்று தோன்றும். அந்த 1/2 இரண்டு வாரத்தில் பைக்குள் போய் உறங்கும், 1/8 லென்ஸிலேயே இருக்கும்.

எந்த லென்ஸில் மாட்டுகிறீர்கள் என்பதும் வலிமையை மாற்றும். லென்ஸின் மி.மீ. எண் (ஃபோக்கல் லெங்த்) கூடக் கூட அது பார்க்கும் கோணம் குறுகும். ஃபில்டர் ஒளியைச் சிதறடிக்கும் கோணம் மாறாது. ஒரு பேச்சுக்கு விளக்கைச் சுற்றி 1 டிகிரி அகலத்துக்குக் குளோ உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக ஏறக்குறைய 74 டிகிரி பார்க்கும். அந்தக் குளோ ஃப்ரேமின் 74-ல் ஒரு பங்கு. 85 மி.மீ. லென்ஸ் பார்ப்பது 24 டிகிரி; அதே குளோ இப்போது 24-ல் ஒரு பங்கு, அதாவது மூன்று மடங்கு பெரிது. அதனால் 24 முதல் 35 மி.மீ. வரை 1/4 தாங்கும். 50-ல் 1/8 அல்லது 1/4. 85-க்கு மேல் 1/8-ஐத் தாண்ட வேண்டாம். சிறிய சென்சார் கேமராவில் லென்ஸ்மேல் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியம் பார்க்கும் கோணம்தான்.

அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) விஷயம் இதைவிட நுட்பமானது, பலர் தவறவிடுவதும் இதுதான். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-ல் வைத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் 25 மி.மீ. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஃபில்டரின் 25 மி.மீ. அகலப் பரப்பு வழியாக வருகிறது; அதில் உள்ள எண்ணற்ற துகள்களின் சராசரி விளைவு வழவழப்பாக இருக்கும். 24 மி.மீ. லென்ஸை எஃப் 11-ல் வைத்தால் துளை 2.2 மி.மீ. தான். இப்போது ஒவ்வொரு புள்ளியும் பார்ப்பது பொட்டு அளவு கண்ணாடியை. ஒரு இடத்தில் துகள் கூடவோ குறையவோ இருந்தால் படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். வெயில் நேரே ஃபில்டரில் பட்டால் துகள்களே புள்ளி புள்ளியாக மின்னும். எஃப் 2 முதல் எஃப் 5.6 வரை மிஸ்ட் ஃபில்டரின் சொந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு: நன்றாகத் திறந்த அப்பர்ச்சரில் பின்னால் கலங்கித் தெரியும் விளக்கு வட்டங்களுக்குள் துகள்களின் சொரசொரப்பு தெரியலாம். வட்டங்களை நம்பி எடுக்கும் படம் என்றால், 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இதை ஒரு படத்தில் வைத்துப் பார்ப்போம். மாலை, அறைக்குள் ஒருவர் மேசையில் படித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் இடப்பக்கம், முகத்துக்கு வெளிச்சம் அங்கிருந்து. மேசை விளக்கு அவருக்குப் பின்னால் வலது மூலையில், 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) மஞ்சள் பல்ப். லென்ஸ் 35 மி.மீ., பிளாக் மிஸ்ட் 1/4, எஃப் 2.8. கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் (நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் முறை) விட்டால் ஒரு ஷாட்டில் விளக்கின் மஞ்சளைத் துடைத்துவிடும், அடுத்த ஷாட்டில் முகத்தை நீலமாக்கும். 4000 கெல்வினில் பூட்டுங்கள்; ஜன்னல் பக்கம் லேசான குளிர்ச்சி, விளக்குப் பக்கம் லேசான சூடு, இரண்டும் நிற்கும். அடுத்து எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவு. பல்ப் முழு வெள்ளையாக வெடித்துப் பெரிய திட்டாகிவிட்டால் அதைச் சுற்றிய குளோவும் வெளிறும். மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). விளக்கு உறையின் நிறம் திரும்பி வரும், குளோ ஆரஞ்சாகக் கனியும். 1/8, 1/4 ஃபில்டர்கள் விழுங்கும் ஒளி மிகக் கொஞ்சம், அதற்கென்று தனியாகக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது விளக்கை ஃப்ரேமுக்குச் சற்று வெளியே தள்ளிப் பாருங்கள். குளோவின் மையம் காணாமல் போகும். ஆனால் அதன் ஒளி இன்னும் ஃபில்டரில் பட்டுக்கொண்டிருப்பதால் வலப்பக்கம் முழுக்க மங்கல் திரை மிஞ்சும். எதற்காக மங்கல் என்று பார்ப்பவருக்குப் புரியாது. ஃப்ரேமுக்கு வெளியே உள்ள ஒளியை லென்ஸ் ஹூட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு) மறைக்க வேண்டும். ஹூட் இல்லையென்றால் லென்ஸுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்து நிழல் விழச் செய்யுங்கள். திரை விலகுவது வ்யூஃபைண்டரிலேயே தெரியும். ஒன்று விளக்கு உள்ளே முழுசாக இருக்கட்டும், இல்லை அதன் ஒளி கண்ணாடியில் படாமல் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் திறக்கும்போது ஹிஸ்டோகிராமின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடது முனை காலியாக இருக்கும். அதைப் பார்த்து எக்ஸ்போஷர் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஃபில்டர் கருமையை மேலேற்றியதன் தடம் அது. பிளாக்ஸ் ஸ்லைடரை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கினால் படம் கால் ஊன்றி நிற்கும். மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடாதீர்கள். காசு கொடுத்து வாங்கின குளோவை அது முதல் வேலையாகத் துடைத்துவிடும்.

"இதெல்லாம் எடிட்டிங்கிலேயே செய்யலாமே" என்ற கேள்விக்குப் பாதி பதில் ஆம். கிளாரிட்டியைக் குறைத்து, மங்கலான லேயர் ஒன்றை மேலே வைத்தால் தோல் மென்மை கிடைத்துவிடும். விளக்கின் குளோதான் அப்படி வராது. சென்சாரின் உச்சவரம்பைவிட விளக்கு 6 ஸ்டாப் அதிகப் பிரகாசம் என்று வையுங்கள், அதாவது 64 மடங்கு. ஃபைலில் அந்த விளக்கும் வெறும் வெள்ளைக் காகிதமும் ஒரே வெள்ளை எண்ணாகப் பதிவாகியிருக்கும். மென்பொருள் இரண்டுக்கும் ஒரே அளவு குளோ போடும். ஃபில்டரோ சென்சாருக்கு முன்னாலேயே நிற்கிறது. விளக்கின் உண்மையான பிரகாசத்துக்கு ஏற்பச் சிதறடிக்கிறது, காகிதத்தின் சிதறல் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுவிடுகிறது. மறுபக்கம், ஃபில்டர் போட்டதைக் கழற்ற அன்டூ கிடையாது. முக்கியமான படம் என்றால் ஃபில்டர் இல்லாமலும் ஒன்று எடுத்துவையுங்கள்.

வாங்கும்போது அளவைச் சரிபாருங்கள். லென்ஸின் முன்பக்கம் கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணே ஃபில்டர் அளவு: 49, 52, 58, 67, 77 இப்படி. ஃபோக்கல் லெங்த்தும் மி.மீ. தான் என்பதால் 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. ஃபில்டர் தேடுகிறவர்கள் உண்டு. லென்ஸ் மூடியின் உள்பக்கத்திலும் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். மூன்று லென்ஸ் இருந்தால் மூன்று ஃபில்டர் வேண்டாம். பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று வாங்கி மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் மாட்ட உதவும் வளையம்) போடுங்கள். ரிங் போட்டால் அந்த லென்ஸின் ஹூட் பெரும்பாலும் மாட்டாது, உள்ளங்கைதான் துணை. சின்ன ஃபில்டரைப் பெரிய லென்ஸில் மாட்டும் ஸ்டெப்-டவுன் ரிங் மூலைகளைக் கறுக்கவைக்கும். அகலக் கோண லென்ஸில் யுவி ஃபில்டரின் (லென்ஸைக் காக்க மாட்டும் தெளிவான கண்ணாடி) மேலேயே மிஸ்ட்டை மாட்டினாலும் மூலை கறுக்கலாம். யுவியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஃபில்டர் இறுகிக்கொண்டால் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துத் திருகுவது வேலைக்காகாது. அழுத்த அழுத்த வளையம் முட்டை வடிவமாகி மரையைக் கவ்வும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, எல்லாப் பக்கமும் சமமாக, லேசாகப் பிடித்துத் திருகினால் கழன்றுவரும். இல்லாவிட்டால் தட்டையான ரப்பர் பாயின்மேல் லென்ஸைக் கவிழ்த்து மெதுவாகத் திருப்புங்கள். அலுமினிய வளையங்கள் இப்படி அதிகம் சிக்கும், பித்தளை குறைவு. மரையில் பென்சில் முனையை ஒரு சுற்று தேய்த்துவைத்தால் அடுத்த முறை தொல்லை இல்லை.

போனில் எடுப்பவர்களுக்கு இரண்டு தடைகள். க்ளிப் ஃபில்டர் ஒரு லென்ஸை மட்டும்தான் மூடும். பொருளுக்குக் கிட்டே போனதும் போன் தானாகவே பக்கத்து லென்ஸுக்குத் தாவும், ஃபில்டர் சும்மா நிற்கும். செட்டிங்கில் தானியங்கி மேக்ரோவை அணைத்துவையுங்கள். அடுத்தது, போனின் எச்டிஆர் பல ஷாட்களைக் கலந்து, விளக்கை அடக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றும். மிஸ்ட் போட்டதை அது அழித்துக்கொண்டே வரும். புரோ மோடில் ரா ஃபைலாக (அதிகம் திருத்தப்படாத மூலப் படமாக) எடுத்தால் பெருமளவு தப்பிக்கலாம். போன் லென்ஸின் துளை சில மி.மீ. தான் என்பதால் மேலே சொன்ன திட்டுப் பிரச்சினை இங்கே எப்போதும் உண்டு. ஃபில்டரைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி நல்ல இடம் தேடுங்கள்.

காசு செலவில்லாமல் பார்க்க நினைத்தால் மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங் துணியை லென்ஸின் முன்னால் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கறுப்பு வலை கருமையைக் காக்கும், வெள்ளை வலை வெளிறவைக்கும், நிற வலை குளோவுக்கும் தன் சாயத்தைக் கொடுக்கும். சமமாக இழுக்காவிட்டால் குளோ ஒரு பக்கம் சாயும். பெட்ரோலியம் ஜெல்லி தடவுவதும் பழைய வித்தைதான். பழைய யுவி ஃபில்டரில் தடவுங்கள், லென்ஸ் கண்ணாடியில் ஒருபோதும் கூடாது. எந்தத் திசையில் தேய்க்கிறீர்களோ அதற்குக் குறுக்காக ஒளி கோடிழுக்கும். நிறையத் தடவினால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், கையால் ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள்.

போலரைஸரை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது, ஆனால் ஒரு இடத்தில் உதவும். வியர்வை மினுமினுக்கும் நெற்றி, இலையின் வெள்ளைப் பளபளப்பு இவற்றை அது அடக்கும். 1 முதல் 2 ஸ்டாப் ஒளியை விலையாக எடுத்துக்கொள்ளும். முகத்துக்கு முழுக்கத் திருப்பினால் தோல் உயிரில்லாமல் தட்டையாகும், பாதியோடு நிறுத்துங்கள். ஒளியை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் எதையும் மென்மையாக்காது. வெயிலில் எஃப் 2.8 வேண்டும், ஷட்டர் வேகம் உச்சிக்குப் போய்விட்டது என்றால் 3 ஸ்டாப் குறைக்கும் என்டி 8 கைகொடுக்கும், அவ்வளவே.

சுத்தம் பார்க்கும்போது முதலில் ஊதியால் தூசியைத் தள்ளுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள். கண்ணாடியில் நேரே விட்டால் வளையத்தின் இடுக்குக்குள் இறங்கி உள்பக்கம் கறை படியும். மிஸ்ட் ஃபில்டரில் விரல்ரேகை பட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஏற்கெனவே மங்கலான கண்ணாடி அல்லவா. படத்தில்தான் காட்டிக்கொடுக்கும்: விளக்கைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய குளோ ஒரு பக்கம் மட்டும் வால்போல் நீண்டிருந்தால், குறை ஃபில்டரில் இல்லை, அதன்மேல் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில். துடைத்துவிட்டு அதே ஷாட்டை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.